தோமினிக்கின் தாடைக்கட்டு

1.

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. மரியசெல்வி கேட்டு எழுதுவது.

செஞ்சி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். எப்போதாவது சிறுபத்திரிகைகளில் கதையும் எழுதுவேன். அவற்றைப் படித்தவர் என்று ஒருவரையும் இதுவரை நேரில் பார்த்ததில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு மரியசெல்வி வந்தார். பத்திரத்துக்கு வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து, தன் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு கதை எழுதித் தர வேண்டும் என்றார். மனுவா என்று கேட்டேன். மனுவெல்லாம் கொடுத்தாகிவிட்டதாம். கதைதான் வேண்டுமாம்.

“நீங்க எழுதனா ரிஜிஸ்டர் ஆவுதில்ல சார். அந்த மாதிரி இதையும் எழுதிக் குடுங்க. ஓனரு படிச்சா மனசு மாறுவாரு” என்றார்.

பத்திரம் வேறு, கதை வேறு என்று சொல்லிப் பார்த்தேன். பத்திரத்தில் எழுதினால் நிலம் கைமாறும், கதையில் எழுதினால் ஒரு டீ கூட வராது. அவர் கேட்பதாக இல்லை. பையிலிருந்து தோமினிக்கின் லைசென்ஸ் ஜெராக்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். கதைக்கு அது தேவைப்படும் என்று நினைத்திருக்கிறார்.

ஆகவே வாசகரே, இது ஒரு வேலைக்காக எழுதப்படும் கதை. தோமினிக் மறுபடியும் பஸ் ஓட்ட வேண்டும். அது நடந்தால் கதை தேறியது, நடக்காவிட்டால் தேறவில்லை. எந்த விமர்சகரும் எனக்கு இவ்வளவு தெளிவாக ஒரு அளவைச் சொன்னதில்லை.

2.

முதல் தொடக்கம்: ‘செஞ்சிக் கோட்டையின் நிழல் ஊர்மீது சாயத் தொடங்கிய வேளையில், தோமினிக் தன்’ —

அடித்துவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் முதல் வரியிலேயே கோட்டைமேல் ஏறிவிடுகிறார்கள். தோமினிக்குக்கு ஐம்பத்திரண்டு வயது. அவர் ஒரு தடவைகூட அந்த மலை ஏறியதில்லை. தடித்த கழுத்து, பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும்.

இரண்டாம் தொடக்கம்: ‘மணிக்கு நாற்பத்தொரு தடவை தோமினிக்குக்கு மூச்சு நின்றது.’

இது உண்மை. ஆனால் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், இதைவிட நல்ல வாக்கியம் எனக்கு வரவில்லை.

செஞ்சி – அவலூர்பேட்டை தடத்தில் தனியார் பஸ் ஓட்டியவர் அவர். இருபத்தாறு வருடம். கடைசி நான்கு வருடம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கண் சொக்கும். கண்டக்டர் இளவழகன் டிக்கெட் போட்டு முடித்ததும் முன்னால் வந்து நின்று எதையாவது பேசிக்கொண்டே வருவான். பேச்சு தீர்ந்துபோனால் ஈரத்துண்டை நீட்டுவான். பயணிகளுக்கு இது தெரியும். “டிரைவரு தூங்கறாரு, எதனா பேசு தம்பி” என்று பின்சீட்டிலிருந்தே குரல் வரும். தெரிந்தும் ஏறினார்கள், தினமும் ஏறினார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கு இதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

போன தை மாதம் பஸ் சாலையை விட்டு இறங்கி ஒரு மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே போய் நின்றது. உடைந்தது யாரோ கொண்டுவந்த ஒரு கூடை முட்டை மட்டும். தூக்கம் சரியாகிவிட்டது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால்தான் வண்டி என்று ஓனர் சுந்தரமூர்த்தி சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் குற்றம் இல்லை.

பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் தலை முழுக்க ஒயர் ஒட்டிப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நிற்கிறது, மூளை பதறி எழுப்புகிறது, மறுபடி நிற்கிறது. இப்படியே விட்டால் ஒரு நாள் இதயமும் சேர்ந்து நின்றுவிடும் என்றார் டாக்டர். மூக்கில் மாஸ்க் மாட்டி அதன் வழியாகக் காற்றைத் தள்ளும் மிஷின் ஒன்றைக் கொடுத்தார். அதற்குள் ஒரு சின்னக் கார்டு இருக்கிறது, நீங்கள் எப்படித் தூங்கினீர்கள் என்று அது எழுதிவைத்துக்கொள்ளும், முப்பது நாள் கார்டு சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

3.

தோமினிக் சொன்னபடி கேட்கிற ஆள். முப்பது நாளும் மாஸ்க் போட்டார். கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். டாக்டர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, மாஸ்க் போட்டது உண்மைதான், ஆனால் மூக்கு வழியாகப் போன காற்றெல்லாம் வாய் வழியாக வெளியே வந்துவிட்டது என்றார். வாயைத் திறந்து தூங்குகிறீர்களே. ஒரு மாதம் வீண், மறுபடி முதலிலிருந்து முப்பது நாள்.

தோமினிக்குக்கு அது தெரியாமல் இல்லை. காலையில் எழுந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிரியாது. தொண்டையில் தேங்காய் நாரைத் திணித்த மாதிரி இருக்கும். உதடு படபடவென்று அடித்துக்கொள்கிற சத்தத்தில் தானே விழித்துக்கொள்வார். ஆனால் அதையெல்லாம் ஒருவர் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னபோது அவமானமாக இருந்தது. ஆறு சக்கரத்தைச் சொன்னபடி திருப்பிய மனுஷன், தன் வாயை மூட முடியவில்லை என்று பேர் வாங்கினார்.

பிறகு நடந்ததெல்லாம் வாயோடு நடந்த சண்டை. மூக்கடைப்பு இருந்தால் வாய் திறக்கும் என்று சொட்டுமருந்து கொடுத்தார்கள், மூக்கு திறந்தது, வாய் மூடவில்லை. உதட்டின் மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டார், காலையில் அதோடு பாதி மீசை வந்தது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க் ஒன்று உண்டு. அதைப் போட்டதும் குடத்துக்குள் தலையை விட்டதுபோல் ஆகி, இரண்டே நிமிடத்தில் பிடுங்கி எறிந்துவிட்டு வாசலில் போய் நின்றார். [இங்கே அவர் அழுதார் என்று எழுதியிருந்தேன். அழவில்லையாம், வேர்த்ததாம். மாற்றிவிட்டேன்.] கடைசியாகத் தாடையை ஏந்திப் பிடிக்கிற எலாஸ்டிக் பட்டை ஒன்று வாங்கினார்கள். படுக்கும்போது தாடையில் இருக்கும். பிறகு காதுக்கு ஏறும். விடியும்போது தலையணைக்கடியில் கிடக்கும்.

4.

மரியசெல்வியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். இந்தப் பாத்திரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

அவர்கள் ஊர் செஞ்சிக்கு மேற்கே, மாதா கோயில் உள்ள சின்ன ஊர். பேரைச் சொன்னால் அங்கே மணியடிக்கிற கோயில்பிள்ளை சண்டைக்கு வருவார், காரணம் பிறகு தெரியும். அந்த ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் மரியசெல்வியைத்தான் கூப்பிடுவார்கள். ஃபாதருக்குக்கூட அப்புறம்தான் ஆள் போகும். உடம்பு விறைப்பதற்குள் தாடையைக் கட்டிவிட வேண்டும். விட்டுவிட்டால் வாய் திறந்தபடியே நின்றுவிடும், சொந்தக்காரர்களுக்குச் சாகும்வரை அந்த முகம்தான் ஞாபகம் இருக்கும். பழைய வெள்ளை வேட்டியில் மூன்று விரல் அகலத்துக்குக் கிழித்து, தாடைக்கு அடியில் கொடுத்து, காதுக்குப் பின்னால் ஏற்றி, உச்சியில் சற்று இடப்பக்கம் தள்ளி முடிச்சுப் போடுவார். போட்டதும் நெற்றியில் கட்டைவிரலால் ஒரு சிலுவை. அந்த முடிச்சு அவருக்கு மட்டும்தான் வரும். ஊரில் எல்லோருக்கும் அதைப் பார்த்தால் தெரியும்.

எலாஸ்டிக் பட்டை தலையணைக்கடியில் போவதை ஒரு வாரம் பார்த்தார். எட்டாம் நாள் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து வந்தார்.

[இந்த இடத்தில் அவர் மனசுக்குள் நான் போக வேண்டும். கை நடுங்கியது, கண்ணீர் முடிச்சின் மேல் விழுந்தது என்று அரைப் பக்கம் எழுதினேன். பிறகு நேரிலேயே கேட்டேன். “இன்னா நெனைக்கறது. வாய் மூடணும். எனக்குத் தெரிஞ்ச கட்டு அது ஒண்ணுதான்” என்றார். அரைப் பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.]

நடுங்கியது தோமினிக்தான். அந்த விரல்கள் தாடைக்கடியில் வந்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தன் அம்மாவின் முகத்தில் அந்த விரல்கள் போனதை அவர் நின்று பார்த்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டார். முடிச்சு விழுந்தது. அடுத்தது சிலுவை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மரியசெல்வியின் கை நெற்றிக்கு வராமல் இறங்கிப் போயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், முடிச்சுப் போட்ட கை நெற்றிக்கு வராமல் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மிஷினைப் போடுவார்.

கட்டு நின்றது.* விடியும்போது போட்டது போட்டபடி இருந்தது. நாக்கு ஈரமாக இருந்தது. காலையில் பால்காரர், என்ன அண்ணே முகமே மாறிப்போச்சு என்று கேட்டார். பகலில் கண் சொக்கவில்லை. பல வருடம் கழித்து பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார்.

(* இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் துணியால் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டாம். டாக்டரைக் கேளுங்கள். நாளைக்கு என் மேல் கேஸ் வரக்கூடாது. பத்திரம் எழுதுகிறவனுக்கு இந்தப் பயம் கூடவே இருக்கும்.)

5.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். துணி கட்டத் தொடங்கிய இருபதாவது நாள் கரண்ட் போயிருக்காவிட்டால் முடிந்தும் இருக்கும்.

பகலிலும் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு படுத்துப் பழகுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று சாப்பிட்டுவிட்டு, கட்டும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு கூடத்துக் கட்டிலில் படுத்தார். மரியசெல்வி ரேஷன் கடைக்குப் போய்விட்டார். இரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று, மிஷின் நின்றது. தோமினிக் மாஸ்க்கை மட்டும் கழற்றி வைத்தார். துணியை அவிழ்க்க மரியசெல்வி வர வேண்டும். இரண்டு கையையும் மார்மேல் வைத்தபடி அப்படியே தூங்கிப்போனார்.

பக்கத்து வீட்டு எலிசபெத் முறம் திருப்பித் தர வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தோமினிக்கின் குறட்டை மூன்று வீடு தாண்டிக் கேட்கும், இப்போது சத்தமே இல்லை. மார்பு ஏறி இறங்கவில்லை. உச்சியில் இடப்பக்கம் தள்ளி, மரியசெல்வியின் முடிச்சு. கட்டியாகிவிட்டது என்றால் எல்லாம் முடிந்தது என்றுதான் அந்த ஊரில் அர்த்தம். மரியசெல்வி வீட்டில் இல்லாததற்கும் காரணம் தானே கிடைத்தது, சொந்தக்காரர்களுக்குச் சொல்லப் போயிருப்பார்.

எலிசபெத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மிஷின் ஓடாதபோது மணிக்கு நாற்பத்தொரு தடவை நிற்கிற மூச்சு. அவர் பார்த்தது அப்படி நின்ற ஒரு இருபது வினாடியாக இருக்க வேண்டும். இது என் ஊகம். நோயே வந்து சாட்சி சொல்லியிருக்கிறது என்று எழுதி, அழகாக இருக்கிறதே என்று அடித்தேன், பிறகு மனசு கேட்காமல் இப்படி மறுபடியும் எழுதிவிட்டேன்.

எலிசபெத் அழுதுகொண்டே கோயிலுக்கு ஓடினார். கோயில்பிள்ளை வந்து பார்க்கவில்லை, நேராகக் கயிற்றைப் பிடித்தார். அந்த ஊரில் ஆண் செத்தால் துக்க மணி மும்மூன்றாக அடிப்பார்கள். ரேஷன் வரிசையில் நின்ற மரியசெல்விக்கு அது கேட்டது. யாராக இருக்கும், யார் படுக்கையில் கிடந்தது, வீட்டில் வெள்ளைத் துணி மிச்சம் இருக்கிறதா என்றுதான் பழக்கத்தில் யோசித்தாராம். அப்போதுதான் ஒருத்தி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

தோமினிக் கண் விழித்தபோது காலடியில் ஏழெட்டுப் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்கலாம் என்றால் வாய் கட்டியிருக்கிறது. கட்டிய வாயோடு எழுந்து உட்கார்ந்தார். பாதிப் பேர் தெருவில் போய் விழுந்தார்கள்.

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஊரும் சிரித்தது. ஆனால் அதற்குள் இளவழகன் தோமினிக்கின் காக்கிச்சட்டைப் படத்தைப் போட்டு ‘கண்ணீர் அஞ்சலி’ என்று ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். தடம் முழுக்க, அவலூர்பேட்டை காய்கறிக் கடைகள் வரைக்கும் அது போயிற்று. ஓனர் சுந்தரமூர்த்தி பெரிய சம்பங்கி மாலையோடு காரில் வந்து இறங்கினார். வாசலில் தோமினிக் கழுத்தில் துணி தொங்க நின்றுகொண்டு, வாங்க முதலாளி என்றார். சாவுக்கு வாங்கின மாலையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. உயிரோடு நிற்கிறவருக்கும் போட முடியாது. சுந்தரமூர்த்தி அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கடைசியில் போகிற வழியில் ஏரியில் எறிந்துவிட்டுப் போனாராம்.

6.

முப்பது நாள் முடிந்தது. கார்டு சுத்தமாக இருந்தது. மூச்சு நிற்பது மணிக்கு மூன்றாகக் குறைந்துவிட்டது, ஓட்டலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஓனர் அதை இரண்டு தடவை படித்தார். சொன்ன சொல் தவறக்கூடாது என்று, வருகிற அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு விடுகிற ஸ்பெஷல் பஸ்ஸை எடுக்கச் சொன்னார்.

தோமினிக் சட்டையை இஸ்திரிப் பெட்டி போட்டு உடுத்திக்கொண்டு போனார். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வண்டி நிரம்பிவிட்டது. எலுமிச்சம்பழ மாலையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மாள் இளவழகனிடம், இவருக்குத்தானே மணி அடிச்சாங்க என்று கேட்டார். இளவழகன் சிரித்துக்கொண்டே நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னான். சரிப்படுத்துகிறோம் என்று நினைத்துத்தான் சொன்னான். அதுவரை தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோயிற்று.

“வாய்க்கட்டு கட்னவரு ஓட்டற வண்டில அம்மனப் பாக்கப் போவக்கூடாதுப்பா” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் இறங்கினார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அவர் பின்னால் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மொத்தம் பதினோரு பேர். மிச்சம் இருந்தவர்களும் எழுவதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுந்தரமூர்த்தி ஜன்னலோரம் வந்து, கொஞ்ச நாள் போகட்டும் தோமினிக் என்றார். வேறு டிரைவர் ஏறினார். இறங்கினவர்களும் ஏறினார்கள்.

தூங்கி வழிந்துகொண்டே ஓட்டிய நான்கு வருடமும் இதே ஜனங்கள் ஏறினார்கள். தூங்க மாட்டார் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகு இறங்கினார்கள்.

அந்தக் கொஞ்ச நாள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. தோமினிக் தாடைக்கட்டையும் விட்டார், மிஷினையும் விட்டார். ஓட்டாதவனுக்கு எதுக்குத் தூக்கம் என்கிறாராம். குறட்டை மறுபடி மூன்று வீடு தாண்டிப் போகிறது. நடுநடுவே நின்றும் போகிறது. நிற்கும்போதெல்லாம் மரியசெல்வி அது திரும்ப வருகிறதா என்று எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறார். அவர் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தது இதற்காகத்தான். பஸ் கிடைத்தால் தோமினிக் கட்டிக்கொள்வார், கட்டிக்கொண்டால் உயிரோடு இருப்பார்.

மரியசெல்விக்காக மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) சுந்தரமூர்த்தி இந்தக் கதையைப் படிக்கிறார், கண் கலங்குகிறார், சாவியை நீட்டுகிறார். (அவர் தினத்தாளில் ராசிபலன் தவிர எதையும் படிப்பதில்லை.)

ஆ) இறங்கிய அந்த அம்மாளே ஒரு நாள் வந்து

இல்லை, வர மாட்டார்.

இ) தோமினிக் கடன் வாங்கி சொந்தமாக ஆட்டோ — யார் ஏறுவார்கள்?

7.

எழுதியவரைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். தோமினிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மரியசெல்வி கதவில் சாய்ந்து நின்றார். சம்பங்கி மாலை ஏரிக்குப் போன இடத்தில் தோமினிக் லேசாகச் சிரித்தார். பஸ் ஸ்டாண்ட் பகுதியைப் படிக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று முடிவுகளையும் படித்தானதும் நான் தாள்களை மடித்தேன்.

“பதினொண்ணு இல்ல சார். பன்னண்டு” என்றார் தோமினிக்.

நான் புரியாத மாதிரி பார்த்தேன்.

“மூணாவது சீட்டு, ஜன்னலோரம். மடியில பத்திரப் பை. கண்ணாடியில பாத்துக்கினுதான் இருந்தேன்.”

உண்மை. அன்று போகிற வழியில் வளத்தியில் ஒரு சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது, அந்த பஸ்ஸில் நான் இருந்தேன். மற்றவர்களை எண்ணியவன் நான். எண்ணிக்கொண்டே இறங்கியதால் என்னை எண்ணவில்லை என்று சொல்லலாம். அது பொய்.

ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டார். குரலில் சண்டை இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று நாலு கதை எழுதியிருக்கிறவன் நான். பதிலை வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன்.

‘நான் இறங்கியதற்குக் காரணம், தை மாதம் மல்லாட்டைக் கொல்லையில் நடந்த’ —

‘எல்லோரும் இறங்கும்போது ஒருவன் மட்டும்’ —

‘எலுமிச்சம்பழ மாலையைப் பார்த்ததும் எனக்குள்’ —

அன்று அந்தக் கூடத்தில் எனக்காகப் பேசியவர் மரியசெல்வி.

“பதினொண்ணாவே இருக்கட்டும் சார். எழுதனவரே எறங்கனாருன்னு போட்டா ஓனரு இன்னா சொல்லுவாரு? அவரே ஏறல, ஊரு எப்டி ஏறும்பாரு. இத்தனையும் வீணாப் பூடும்.”

அவர் சொன்னது சரி. பத்திரம் எழுதுகிற எனக்கே தோன்றியிருக்க வேண்டிய விஷயம். ஒரு எண்ணை மாற்றினால் முழுப் பத்திரமும் செல்லாமல் போகும்.

தோமினிக் அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். “பன்னண்டுன்னு போட்டா போடுங்க. இல்லன்னா என் பேரு வேணாம்” என்றார்.

என்ன செய்தேன் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது, படித்துக்கொண்டிருப்பது அந்தப் பிரதியைத்தான். ஆறாம் பகுதியில் பதினோரு பேர் என்று இருப்பதை நான் திருத்தவில்லை. முதலில் எப்படி எழுதினேன் என்று நீங்கள் பார்க்க வேண்டும். இந்தக் கதையை வைத்து மரியசெல்வி இனி யாரிடமும் எதுவும் கேட்க முடியாது. மனுவாக இது செல்லாது. அது அவருக்கும் தெரியும். நான் கிளம்பும்போது லைசென்ஸ் ஜெராக்ஸைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. தோமினிக் மறுபடி கட்டிக்கொள்ள ஆரம்பித்தாரா, இன்னும் வாயைத் திறந்துதான் தூங்குகிறாரா, நின்ற மூச்சு ஒவ்வொரு தடவையும் திரும்பி வருகிறதா, ஒன்றும் எனக்குத் தெரியாது. ஊர் பதினைந்து நிமிடத் தூரம்தான். போய்க் கேட்க என்னால் முடியவில்லை. உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்கள் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். என் பேரைச் சொல்ல வேண்டாம்.